இரண்டு நீதிபதிகள் பார்த்த சீரியல்

சீரியல் என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் நல்ல பெயர் கிடையாது. மாமியார் கொடுமை, மருமகள் கண்ணீர், ஒரு அதிர்ச்சிக்கு ஒரே முகத்தை மூன்று முறை திருப்பிக் காட்டுவது, இவைதான் நினைவுக்கு வருகின்றன. சினிமாவைக் கலை என்று ஒப்புக்கொள்கிறோம். மேடை நாடகத்தையும் ஒப்புக்கொள்கிறோம். வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து, பைண்டு செய்து, பீரோவில் வைத்துக் காப்பாற்றிய தலைமுறை நம்முடையது. அதையும் இலக்கியம் என்றுதான் சொன்னோம். டிவித் தொடரை மட்டும் பொழுதுபோக்கு, அதுவும் கொஞ்சம் மட்டமான பொழுதுபோக்கு என்று ஒதுக்கி வைத்துவிட்டோம்.

ஆனால் நம் நாட்டில் ஒரு டிவித் தொடரை இரண்டு உயர் நீதிமன்ற நீதிபதிகள் உட்கார்ந்து முழுவதுமாகப் பார்த்து, மறுநாளே தீர்ப்புச் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. 1988 ஜனவரியில் நடந்தது. தொடரின் பெயர் 'தமஸ்'. 34 வருடம் கோர்ட் ஆபீசில் கேஸ் கட்டுகளோடு மல்லுக்கட்டியவன் நான். வாய்தாவுக்கு மேல் வாய்தா போவதைப் பார்த்துப் பழகியவனுக்கு, இந்த வேகமே ஓர் ஆச்சரியம். அதைவிடப் பெரிய ஆச்சரியம், அந்த நீதிபதிகள் ஒரு தொடரைப் பார்த்த விதம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கலர் டிவி வந்தது. அதே வருடம் தேசிய ஒளிபரப்பும் தொடங்கியது. ஊருக்கு ஊர் ஒளிபரப்புக் கோபுரங்கள் எழுந்தன. 1984 ஜூலையில் 'ஹம் லோக்' வந்தது. மெக்சிகோவில் முதியோர் கல்வியைப் பரப்புவதற்காகத் தொடர் நாடகம் எடுத்து வெற்றி கண்டிருந்தார்கள். அந்த வழியில் குடும்பக் கட்டுப்பாட்டைப் பரப்பலாம் என்று நினைத்துத் தொடங்கியது அது. மனோகர் ஷியாம் ஜோஷி என்ற இந்தி எழுத்தாளர் எழுதினார். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து பேசுவார். பிரச்சாரத்துக்காகத் தொடங்கியது, போகப் போக ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கதையாகவே மாறிவிட்டது. பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். பிறகு அதே ஜோஷி எழுதிய 'புனியாத்' வந்தது. ஆர்.கே. நாராயணின் கதைகளை ஷங்கர் நாக் ஆகும்பேயில் எடுத்த 'மால்குடி டேஸ்' வந்தது. அதற்கு இசை நம் எல். வைத்தியநாதன் என்பது பலருக்கு நினைவிருக்கும். 1987 ஜனவரியில் ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தொடங்கியதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே காலியானது.

இதற்கெல்லாம் முன்பே சத்யஜித் ரே தூர்தர்ஷனுக்காக ஒரு படம் எடுத்திருந்தார். பிரேம்சந்தின் கதையை வைத்து 1981இல் எடுத்த 'சத்கதி'. அதில் ஓம் புரி, தோல் தொழிலாளி வேடத்தில் நடித்தார். ரே போன்ற ஒருவரே சின்னத் திரையைச் சின்னதாக நினைக்கவில்லை. கலைப்படம் எடுப்பவர்களுக்கு அன்று தியேட்டர் கிடைப்பது பெரும்பாடு. தூர்தர்ஷனில் போட்டால் ஒரே இரவில் நாடு முழுக்கப் பார்க்கும். ஷியாம் பெனகல், குல்சார், கோவிந்த் நிஹலானி எல்லோரும் அந்தப் பக்கம் வந்ததில் வியப்பில்லை.

நிஹலானி கராச்சியில் 1940இல் பிறந்தவர். பிரிவினையின்போது அவர் குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியாவுக்கு வந்தது. பெங்களூரில் ஒளிப்பதிவு படித்து, வி.கே. மூர்த்தியிடம் உதவியாளராக இருந்தார். குரு தத் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவர் அந்த மூர்த்தி. இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படமான 'காகஸ் கே பூல்' அவர் கைவண்ணம். சிஷ்யன் டிவிக்குத் தொடர் எடுத்தபோது, குருவே கேமராவுக்குப் பின்னால் நின்றார்.

'தமஸ்' நாவலை எழுதியவர் பீஷ்ம சாஹ்னி. நடிகர் பல்ராஜ் சாஹ்னியின் தம்பி. ராவல்பிண்டியில் 1915இல் பிறந்தவர். 1947 மார்ச்சில் ராவல்பிண்டியிலும் சுற்றுக் கிராமங்களிலும் கலவரம் மூண்டபோது, காங்கிரஸ் நிவாரணப் பணியில் இருந்தார். கண்டதையெல்லாம் மனதில் பூட்டி வைத்திருந்தார். 1970இல் மகாராஷ்டிராவின் பிவண்டியில் கலவரம் நடந்த பிறகு அங்கே போய்ப் பார்த்தபோது அந்தப் பூட்டு திறந்துகொண்டது. சுமார் கால் நூற்றாண்டு கழித்து எழுதிய அந்த நாவலுக்கு 1975இல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. தமிழில் அதை வெங்கட் சாமிநாதன் மொழிபெயர்த்திருக்கிறார். தமஸ் என்றால் இருட்டு. தமோ குணம் என்கிறோமே, அதே தமஸ்.

கதை ஒரு பன்றியில் தொடங்குகிறது. நத்து என்ற ஏழைத் தோல் தொழிலாளியிடம் உள்ளூர்ப் பெரிய மனிதன் ஒருவன் ஐந்து ரூபாய் கொடுத்து, கால்நடை டாக்டருக்கு வேண்டும், ஒரு பன்றியைக் கொன்று தா என்கிறான். நத்துவுக்கு அந்த வேலை பழக்கமில்லை. இரவு முழுவதும் ஒரு குடிசைக்குள் அந்த மிருகத்தோடு போராடுகிறான். மறுநாள் அதன் உடல் ஒரு மசூதிப் படிக்கட்டில் கிடக்கிறது. ஊர் பற்றி எரியத் தொடங்குகிறது. யார் செய்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். செய்தவனுக்கோ, தான் எதைச் செய்தோம் என்பதே அப்போதுதான் தெரிகிறது.

அந்தக் குடிசைக் காட்சியைச் சொல்லாமல் தொடரைப் பற்றிப் பேச முடியாது. இரண்டரை மணி நேர சினிமாவில் அதற்குச் சில நிமிடம்தான் கிடைத்திருக்கும். நிஹலானி அவசரப்படவில்லை. மங்கலான விளக்கு, வியர்வை, மூச்சிரைப்பு, ஓம் புரியின் அம்மைத் தழும்பு முகம். அந்தப் பன்றி சாகவே மாட்டேன் என்கிறது. எப்போது முடியும் என்று நமக்கே ஆகிவிடுகிறது. சீக்கிரம் முடித்துத் தொலை என்று மனசுக்குள் நாமும் சொல்லிவிடுகிறோம். மறுநாள் காலை அந்த உடலை மசூதி வாசலில் காட்டும்போது, நத்துவுக்கு வரும் நடுக்கத்தில் நமக்கும் பங்கு வந்துவிடுகிறது. இது நீளத்தால் கிடைத்த பலன். சீரியல் என்றால் இழுவை என்கிறோம். எங்கே நீட்ட வேண்டும், எதற்காக நீட்ட வேண்டும் என்று தெரிந்தவன் கையில் அதே இழுவை ஆயுதமாகிவிடுகிறது.

இன்னொரு பலன், ஊரையே காட்ட முடிவது. நத்துவைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுக் கதை மற்றவர்களிடம் போகிறது. தெருவில் பாட்டுப் பாடிக்கொண்டு சாக்கடை சுத்தம் செய்யப் போகும் காங்கிரஸ்காரர்கள் ஒரு பக்கம். எல்லாம் தெரிந்தும் எதையும் செய்யாத வெள்ளைக்கார டெபுடி கமிஷனர் ஒரு பக்கம். பையன் ஒருவனுக்கு மனம் இறுக வேண்டும் என்று கோழியை அறுக்கக் கற்றுக்கொடுக்கும் குரு ஒரு பக்கம். குருத்வாராவில் கூடி நிற்கும் சீக்கியர்களும், கடைசியில் கிணற்றில் குதிக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களும் ஒரு பக்கம். அந்தக் கிணறு கற்பனை இல்லை. 1947 மார்ச்சில் தோவா கால்சா என்ற ஊரில் ஏறத்தாழ 90 பெண்கள் அப்படி மாண்டார்கள்.

என் மனதில் அதிகம் தங்கியது ஹர்நாம் சிங், பந்தோ என்ற வயதான சீக்கியத் தம்பதி. கிராமத்தில் டீக்கடை வைத்துப் பிழைத்தவர்கள். கும்பல் வருகிறது என்று தெரிந்து இரவோடு இரவாகக் கிளம்பி, விடியும்போது முன்பின் தெரியாத ஊரில் ஒரு கதவைத் தட்டுகிறார்கள். கதவைத் திறப்பவள் ராஜோ என்ற முஸ்லிம் பெண். வீட்டு ஆண்கள் வெளியே கொள்ளையடிக்கப் போயிருக்கிறார்கள். ஒரு கணம் தயங்கி, உள்ளே வாருங்கள் என்கிறாள். பிறகு ஆண்கள் ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்புகிறார்கள். அது அந்தக் கிழவரின் பெட்டிதான். பூட்டை உடைக்க முயல்கிறாள் மருமகள். ஹர்நாம் சிங் சாவியை எடுத்து நீட்டுகிறார். கொள்ளை கொடுத்தவன், கொள்ளையடித்த வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்துகொண்டு, பூட்டு கெட்டுப்போகக் கூடாது என்று சாவி தருகிறான். வெட்கம் யார் முகத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

ஹர்நாம் சிங்காக நடித்தவர் வேறு யாருமில்லை, நாவலை எழுதிய பீஷ்ம சாஹ்னியேதான். பந்தோவாக தீனா பாடக். ராஜோவாக நடித்த சுரேகா சிக்ரிக்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. இசையமைத்த வன்ராஜ் பாட்டியாவுக்கும் தேசிய விருது. தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருதும் அதற்கே. இவை எல்லாம் சினிமாவுக்குக் கொடுக்கும் விருதுகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி அந்த 1988 ஜனவரி. தமிழ்நாட்டில் நமக்கு அப்போது வேறு கவலை. எம்.ஜி.ஆர். மறைந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஜானகி அம்மாள் அணி, ஜெயலலிதா அணி என்று கட்சி இரண்டாகி, ஜனவரி 28 அன்று சட்டசபையில் நடந்த கலாட்டாவும், 30ஆம் தேதி ஆட்சி கலைக்கப்பட்டதும் பத்திரிகைகளை நிரப்பின. பம்பாயில் ஒரு இந்தித் தொடருக்கு வழக்கு நடப்பது இங்கே பெரிதாகப் பேசப்படவில்லை. மொழியும் ஒரு தடை. எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது. பக்கத்து வீட்டில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் இருந்தார். "சார், நீங்க வந்து உட்கார்ந்தாத்தான் எங்களுக்குப் புரியும்" என்று கூட்டி வருவோம். வரிக்கு வரி தமிழில் சொல்வார். அந்தச் சாவிக் காட்சியில் மட்டும் எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

தொடர் ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கும்போதே, இது மதக் கலவரத்தைத் தூண்டும், நிறுத்த வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு வந்தது. ஜனவரி 21 அன்று தனி நீதிபதி இடைக்காலத் தடை கொடுத்தார். உடனே அப்பீல். டிவிஷன் பெஞ்சில் நீதிபதிகள் லென்டின், சுஜாதா மனோகர். பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் கலப்பட மருந்தால் நேர்ந்த மரணங்களை விசாரித்த கமிஷன் அந்த லென்டினுடையதுதான். சுஜாதா மனோகர் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். இருவரும் 22ஆம் தேதி தொடரை முழுவதும் பார்த்தார்கள். ஒளிபரப்பான பகுதிகளை மட்டுமல்ல, இனி வரவிருந்தவற்றையும் சேர்த்து. மறுநாள் தடையை நீக்கினார்கள்.

அவர்கள் சொன்னதன் சாரம் இதுதான். இரண்டு சமூகங்களிலும் உள்ள வெறியர்கள் எப்படிக் கலவரத்தை உண்டாக்குகிறார்கள், அப்பாவிகள் எப்படி ஏமாந்து அவர்களுக்குக் கருவியாகிறார்கள், கடைசியில் அதன் வீண்தன்மை எப்படிப் புரிகிறது என்பதைத்தான் தொடர் காட்டுகிறது. பழைய தவறுகளைத் திரும்பச் செய்யாமல் இருக்க அவற்றை அறிந்திருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத சாதாரண மனிதனுக்கும் இது புரியும்.

விவகாரம் அதோடு முடியவில்லை. வேறொருவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நீதிபதிகள் சப்யசாச்சி முகர்ஜி, எஸ். ரங்கநாதன் அமர்வு 1988 பிப்ரவரி 16 அன்று அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. எழுத்தைவிடக் காட்சிக்கு வேகம் அதிகம் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் ஒரு படைப்பின் விளைவை எடைபோடும்போது, நிதானமும் மனத்திடமும் உள்ள சாதாரண மனிதன் அதை எப்படி எடுத்துக்கொள்வான் என்றுதான் பார்க்க வேண்டும், எதைக் கண்டாலும் மிரளுகிறவனை அளவுகோலாக வைக்கக் கூடாது என்றார்கள். சுதந்திரத்துக்கு முன் நாக்பூரில் நீதிபதி விவியன் போஸ் வகுத்த அளவுகோல் அது.

சட்டத்தில் இது பேச்சுச் சுதந்திர வழக்கு. எனக்கு இது ஒரு கலை விமரிசன வழக்காகவும் படுகிறது. யோசித்துப் பாருங்கள். பன்றியின் உடல் கிடக்கும் காட்சியை மட்டும் தனியாக வெட்டி எடுத்துக் காட்டினால் அது தீக்குச்சி. கோழியை அறுக்கச் சொல்லும் காட்சியை மட்டும் காட்டினாலும் அப்படித்தான். அந்த ராஜோ கதவைத் திறக்கும் காட்சியை மட்டும் காட்டினால், ஏதோ அரசாங்க ஒருமைப்பாட்டு விளம்பரம் போலத் தோன்றும். மூன்றையும் அவற்றின் இடத்தில் வைத்து, முன்னும் பின்னும் சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம் உண்டாகிறது. துண்டைப் பார்த்தவர்கள் தடை கேட்டார்கள். முழுவதையும் பார்த்தவர்கள் தடையை நீக்கினார்கள். நாவலை இரண்டு அத்தியாயம் படித்துவிட்டு மதிப்பிடக் கூடாது என்பது நமக்குத் தெரியும். தொலைக்காட்சித் தொடருக்கு அந்த மரியாதையை முதலில் கொடுத்தவர்கள், எனக்குத் தெரிந்து, பத்திரிகை விமரிசகர்கள் இல்லை. கறுப்பு அங்கி போட்ட இரண்டு பேர்.

இன்றைய நிலைமைக்கு வருவோம். இப்போது இளைஞர்கள் வெப் சீரிஸ் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். என் மகன் சொல்லி, 'தி வயர்' என்ற அமெரிக்கத் தொடரை சப்டைட்டிலோடு பார்த்தேன். 2002 முதல் 2008 வரை வந்தது, மொத்தம் 60 பகுதிகள். பால்டிமோர் நகரம்தான் கதாநாயகன். முதல் பாகத்தில் போலீசும் போதைப்பொருள் விற்பவர்களும், அடுத்து துறைமுகத் தொழிலாளர்கள், பிறகு நகர அரசியல், பள்ளிக்கூடம், கடைசியில் செய்தித்தாள். உருவாக்கிய டேவிட் சைமன் அந்த ஊர்ப் பத்திரிகையில் நிருபராக இருந்தவர். உடன் எழுதிய எட் பர்ன்ஸ் அங்கே துப்பறியும் போலீசாக இருந்து, பின்பு பள்ளி ஆசிரியரானவர். முதல் சில பகுதிகளில் யார் எவர் என்றே பிடிபடாது. பொறுத்துக்கொண்டு போனால், ஒரு சிறுவன் எப்படித் தெருமுனைக்குப் போய்ச் சேருகிறான் என்பது, எந்த ஒரு வில்லனையும் காட்டாமலே புரிந்துவிடும். சாஹ்னியின் ஊரை நிஹலானி காட்டியதும் இதே முறைதான். ஒரு ஆளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. ஒரு ஊர் முழுவதும் சேர்ந்து எப்படிக் கெடுகிறது என்று காட்ட நேரம் வேண்டும். அந்த நேரம் சினிமாவிடம் இல்லை, தொடரிடம் இருக்கிறது.

தமிழிலும் முயன்றவர்கள் உண்டு. கே. பாலசந்தர் 'ரயில் சிநேகம்', 'கையளவு மனசு' என்று எடுத்தபோது சினிமாவில் மார்க்கெட் போய் டிவிக்கு வந்துவிட்டார் என்று சிலர் கேலி பேசியதைக் கேட்டிருக்கிறேன். இந்திரா சௌந்தர்ராஜன் கதைகளை வைத்து நாகா இயக்கிய 'மர்மதேச'த்தைப் பேய்க்கதை என்று சொல்லி ஒதுக்கினார்கள். அதில் 'விடாது கருப்பு' பகுதியை முடிவு வரை பார்த்தவர்களுக்கு, அது சிறு வயதில் காயப்பட்ட ஒரு மனத்தின் கதை என்பது தெரியும். 2022இல் வந்த 'சுழல்' தொடரில் எட்டுப் பகுதிகள். மயானக் கொள்ளைத் திருவிழாவைப் பின்னணியாக வைத்து, ஒரு சின்ன ஊரின் குடும்பங்களுக்குள் மறைந்திருந்த கொடுமையை வெளியே கொண்டு வந்தது. இவற்றில் குறைகளே இல்லை என்று சொல்ல வரவில்லை. குறை சொல்வதற்கும் ஒரு தகுதி வேண்டும். கைவேலையாக இருக்கும்போது காதில் விழுந்ததை வைத்துச் சொல்லும் அபிப்பிராயம் அந்தத் தகுதியில் சேராது.

தினமும் அரை மணி வீதம் ஆயிரம் நாள் ஓடும் தொடர்களை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது என்பதும் உண்மைதான். முடிவு எது என்று எழுதுகிறவருக்கே தெரியாதபோது, முழுமை எங்கிருந்து வரும்? 'தமஸ்' முடிவு தெரிந்து எடுத்த தொடர். கடைசியில் அகதி முகாமில் நத்துவின் மனைவிக்குக் குழந்தை பிறக்கிறது. நத்து உயிரோடு இல்லை. அந்தச் சிசுவின் அழுகையும், வெளியே இரு தரப்பாரும் எழுப்பும் கோஷங்களும் ஒன்றாகக் கேட்கின்றன. முதல் காட்சியில் கேட்ட பன்றியின் உறுமலிலிருந்து இந்த அழுகை வரை வந்து சேர, நாம் அந்த ஊர் முழுவதையும் நடந்து கடந்திருக்கிறோம்.

'தமஸ்' மொத்தமே ஐந்து மணி நேரத்துக்குள்தான். இரண்டு நாள் மதியத் தூக்கத்தைத் தியாகம் செய்தால் போதும். பிள்ளைகளிடமோ பேரப் பிள்ளைகளிடமோ சொன்னால் தேடி எடுத்துப் போட்டுத் தருவார்கள், முடிந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லலாம். கடைசி வரை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.